தலைவனுக்குப் பக்கத்தில் நிற்பவர்: புதியவர்களுக்கு, துணைக் கெரக்டர் தெரிவு செய்யும் வழி

மினி எனப்படும் சின்னப் பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டம் வார்ஹாமர் 40,000. அதை விளையாட வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தத் தலைவன் பலமானவன்?" பெட்டிப் படத்தில் வாளை உயர்த்தி நிற்பவரை வாங்குவார்கள். அடுத்து ஒரு பெரிய டாங்கி. ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது வீரர் குழுவுக்கும், புள்ளியில் ஒரு விலை உண்டு; மிச்சப் புள்ளிக்குச் சாதாரண வீரர்கள். மருத்துவர், கொடி பிடிப்பவர், இயந்திரம் திருத்துபவர், கட்டளை கொடுக்கும் சின்ன அதிகாரி போன்ற துணைக் கெரக்டர்களுக்கான பக்கம் புத்தகத்தில் திறக்கப்படாமலே கிடக்கும். நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும்போது எல்லார் கண்ணும் ரதி மதன் மேலேதான். ஆனால் விடிய விடியக் கூத்தை இழுத்துக்கொண்டு போவது வாத்தியாரும் தப்பு அடிப்பவர்களும். மேசைப் போரிலும் அந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை எப்படித் தெரிவு செய்வது, எங்கே வைப்பது, மலையகத்தில் இருந்துகொண்டு எப்படிச் செய்து கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

விதிகளை 2023இல் வெளிவந்த 10ஆம் பதிப்பை வைத்துச் சொல்கிறேன். புள்ளிகளை, இந்த ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம் அடிக்கடி மாற்றும், சில நேரம் திறமைகளையும் மாற்றும். ஆகவே கீழே வரும் புள்ளிகள் உதாரணத்துக்கு மட்டும். மேசைக்குப் போகும் முன் புள்ளிப் பட்டியலையும், யூனிட்டின் விபரம் இருக்கும் டேட்டாஷீட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை பதிப்பு மாறினாலும் மாறாது.

முதல் படி: ஓட்டை எங்கே என்று பாருங்கள்

துணைக் கெரக்டரை முதலில் வாங்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து மூன்று நான்கு ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஒரு கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த யூனிட், எந்தச் சுற்றில், எதனால் கைவிட்டது?

அந்த வரிகள் சேரச் சேர உங்கள் ஆர்மியின் குறை தெரிந்துவிடும். ஒப்ஜெக்டிவில் (பிடித்து வைத்தால் வெற்றிப் புள்ளி தரும் இடம்) போய் நின்றும், அங்கே நிற்கும் எதிராளி வீரர்களின் ஒப்ஜெக்டிவ் மதிப்பு கூட்டுத்தொகையில் பெரிதாக இருந்ததால் புள்ளி போனதா? உங்களுக்குக் கொடி பிடிப்பவர் வேண்டும். ஒப்ஜெக்டிவுக்குப் போய்ச் சேரும் முன்பே பாதிப் பேர் விழுந்தார்களா? மருத்துவர். சுட்டுத் தள்ளியும் பகடை படவே இல்லையா? குறி திருத்தும் அதிகாரி. இவ்வளவு செலவழித்த டாங்கி மூன்றாம் சுற்றைப் பார்க்கவில்லையா? திருத்துபவர்.

குறை தெரியாமல் கெரக்டரை வாங்குவது, நோய் தெரியாமல் மருந்து வாங்குவதுதான். நல்ல கெரக்டராகவே இருப்பார், உங்கள் ஆர்மியில் அவருக்கு வேலை இருக்காது.

இரண்டாம் படி: டேட்டாஷீட்டைக் கீழிருந்து வாசியுங்கள்

டேட்டாஷீட்டின் மேல் வரிசையில் அவர் எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை காயம் தாங்குவார் என்று இருக்கும். அடுத்து ஆயுதங்கள். புதியவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மருத்துவரின் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு "இது ஒன்றுக்கும் உதவாது" என்று பக்கத்தைத் திருப்புவார்கள். துணைக் கெரக்டரின் மதிப்பு துப்பாக்கியில் இல்லை. மூன்று இடங்களை வாசியுங்கள்.

ஒன்று, அவர் எந்த யூனிட்டுகளோடு சேரலாம் என்ற பட்டியல். 10ஆம் பதிப்பில் 'லீடர்' திறமை உள்ள கெரக்டர் அந்தப் பட்டியலில் பெயர் உள்ள யூனிட்டோடு மட்டும்தான் சேர முடியும். உங்களிடம் அந்த யூனிட் இல்லாவிட்டால் மற்றதை வாசிக்கவே தேவையில்லை.

இரண்டாவது, திறமை எப்போது வேலை செய்யும் என்பது. "யூனிட்டை வழிநடத்தும்போது" என்று இருந்தால் சேர்ந்த பிறகு எப்போதும் இருக்கும். "உங்கள் கொமாண்ட் கட்டத்தில்" (உங்கள் முறை தொடங்கும் கட்டம்) என்று இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவைதான், அதுவும் நீங்கள் மறக்காமல் இருந்தால்.

மூன்றாவது, ஏற்கெனவே ஒரு தலைவர் இருக்கும் யூனிட்டில் இவரும் சேரலாமா என்பது. வழக்கமாக ஒரு யூனிட்டுக்கு ஒரு லீடர்தான். ஆனால் ஸ்பேஸ் மரீன்கள் என்ற ஆர்மியின் மருத்துவரான அப்போதிகரிக்கும் கொடி தாங்கும் ஏன்ஷியன்ட்டுக்கும் விலக்கு உண்டு: கெப்டன் இருக்கும் யூனிட்டிலும் இவர்கள் சேரலாம். அந்தச் சின்ன வரியைக் கவனிக்காததால் பலர் "கெப்டனா, டொக்டரா" என்று வீணாக யோசித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: கணக்கு

இதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கு போதும்.

குறி திருத்தும் திறமையை எடுத்துக்கொள்வோம். அடி படும் பகடைக்கு (சூடு பட்டதா என்று பார்க்க உருட்டுவது) 1 கூட்டினால் எல்லாருக்கும் ஒரே பலன் என்று தோன்றும். அப்படி இல்லை. 3க்கு மேல் (3உம் சேர்த்துத்தான், கீழே வரும் 4, 5க்கும் அப்படியே) விழுந்தால் படும் என்று இருப்பவருக்கு ஆறில் நான்கு தடவை படும். 1 கூட்டினால் ஆறில் ஐந்து. அதாவது கால்வாசி அதிகம். 4க்கு மேல் வேண்டியவருக்கு ஆறில் மூன்று, நான்காகிறது. மூன்றில் ஒரு பங்கு அதிகம். 5க்கு மேல் வேண்டியவருக்கு இரண்டு, மூன்றாகிறது, அரைப்பங்கு அதிகம். 6 மட்டுமே படும் என்றால் அப்படியே இரட்டிப்பு. ஆக, குறி மோசமாக இருக்கும் யூனிட்டுக்குத்தான் இந்த உதவி அதிகம் உறைக்கும். புதியவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். தங்களிடம் உள்ள மிகச் சிறந்த சுடுநர்களுக்கு மேலும் ஓர் உதவியைக் கொண்டுபோய் வைப்பார்கள்.

1 விழுந்த பகடையை மட்டும் மறுபடி உருட்டலாம் என்ற திறமை வேறு மாதிரி. குறி நல்லதோ கெட்டதோ, எல்லாருக்கும் சரியாக ஆறில் ஒரு பங்குதான் கூடும். அது சின்ன உதவி. ஆனால் நிறையச் சூடு விடும் பெரிய யூனிட்டில் சேர்ந்து வரும்.

இங்கே சொல்லிலும் கவனம் வேண்டும். அடி படும் பகடையில் எத்தனை உதவி சேர்ந்தாலும் மொத்தமாக 1க்கு மேல் கூட்ட முடியாது. நகராமல் நின்று சுட்டால் 'ஹெவி' ஆயுதத்துக்கு ஏற்கெனவே 1 கிடைக்கும். அதன்மேல் இன்னொரு 1 வைத்தால் வீண். ஆனால் அஸ்ட்ரா மிலிடாரம் அதிகாரி "டேக் எய்ம்" என்று கட்டளை கொடுத்தால், அது பகடையோடு கூட்டுவதில்லை, வீரரின் குறித்திறனையே ஒரு படி உயர்த்துகிறது. அதனால் அதுவும் ஹெவியும் சேர்ந்தே வேலை செய்யும். அந்த ஆர்மி வைத்திருப்பவர்கள் சின்ன அதிகாரிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம். சாதாரணக் காலாட்படைக்கு 4க்கு மேல்தான் படும். மேலே பார்த்தபடி மூன்றில் ஒரு பங்கு லாபம், ஒரு கட்டளைக்கு.

அடுத்தது காயத்தைத் தாங்கும் திறமை. 'ஃபீல் நோ பெயின்' 5 என்றால், சேவ் (கவசத்தால் தப்பும் பகடை) உருட்டியும் தப்பாத ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பகடை போடலாம். 5 அல்லது 6 விழுந்தால் அந்தக் காயம் இல்லை. மூன்றில் ஒன்று கழிந்துவிடும். அப்படியென்றால் இரண்டு பேரைக் கொல்ல எதிராளி மூன்று காயம் கொடுக்க வேண்டும். 20 பேர் உள்ள யூனிட் 30 பேர் போல நிற்கும். இதிலிருந்து ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது: இந்தத் திறமை தருபவரின் விலை, அவர் சேரும் யூனிட்டின் விலையில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 10 பேர் யூனிட் 80 புள்ளி, டொக்டர் 70 புள்ளி என்றால், அந்த 70க்கு மேலும் வீரர்களை எடுப்பதே மேல். அதே டொக்டர் 160 புள்ளிக்கு 20 பேர் நிற்கும் யூனிட்டில் சேர்ந்தால் விலை சரி.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு காயம் தாங்கும் வீரரை, இரண்டு சேதம் தரும் ஆயுதத்தால் அடித்தால், அவர் பிழைக்க இரண்டு பகடையும் விழ வேண்டும். ஒன்பதில் ஒரு தடவைதான் அது நடக்கும். அதுவே இரண்டு காயம் தாங்கும் வீரர் என்றால் ஒரு பகடை விழுந்தால் போதும். ஒன்பதில் ஐந்து தடவை பிழைத்து நிற்பார். எதிராளியிடம் கனமான ஆயுதங்கள்தான் அதிகம் என்று தெரிந்தால், ஒற்றைக் காயக்காரர்களுக்கு இந்த டொக்டரை வைக்காதீர்கள்.

செத்தவரைத் திருப்பி எழுப்பும் திறமை மூன்றாவது வகை. அப்போதிகரி யூனிட்டோடு சேர்ந்திருந்தால் உங்கள் கொமாண்ட் கட்டத்தில் விழுந்த ஒருவரைத் திருப்பிக் கொண்டுவரலாம். ஆட்டம் ஐந்து சுற்று. முதல் சுற்றில் பெரும்பாலும் யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். ஆக, மிஞ்சும் நான்கில் மூன்று தடவை பயன்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் ஒருவரின் விலை 12 புள்ளி என்றால் 36 புள்ளி திரும்பி வருகிறது. 30 புள்ளி என்றால் 90. அதனால் இவரை எண்ணிக்கை அதிகமான மலிவு யூனிட்டில் வைக்காமல், ஆள் ஒன்றுக்கு விலை அதிகமான யூனிட்டில் வைக்க வேண்டும். ஃபீல் நோ பெயின் தரும் டொக்டரும் ஆளை எழுப்பும் டொக்டரும் பெயரில் டொக்டர்தான், வைக்கும் இடம் வேறு. இன்னொன்று: யூனிட் ஒரே அடியில் முழுதாக அழிந்தால் அவருக்கு எழுப்ப ஆளே இருக்காது. எதிராளி கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கிற இடத்தில்தான் இவர் மதிப்பு.

கொடி பிடிப்பவரின் கணக்கு சுலபம். ஏன்ஷியன்ட் வழிநடத்தும் யூனிட்டில் ஒவ்வொருவரின் ஒப்ஜெக்டிவ் மதிப்பும் 1 கூடும். மதிப்பு 2 உள்ள வீரர்களுக்கு அரைப்பங்கு லாபம், மதிப்பு 1 உள்ளவர்களுக்கு இரட்டிப்பு. சண்டைக்கென்றே வைத்திருக்கிற, மதிப்பு 1 மட்டுமே உள்ள வலுவான யூனிட்டை நடு ஒப்ஜெக்டிவுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், அந்தக் கொடி அங்கே போக வேண்டும். கொடிக்காரரைப் போல ஒதுக்கப்படும் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவர் யாரையும் கொல்வதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் வெற்றியை முடிவு செய்வது பெரும்பாலும் ஒப்ஜெக்டிவ் புள்ளிகள்தான்.

ஸ்பேஸ் மரீன்களில் இயந்திரம் திருத்துபவரான டெக்மரீன், தன் 3 அங்குலத்துக்குள் உள்ள ஒரு வாகனத்துக்குச் சராசரியாகச் சுற்றுக்கு 2 காயம் ஆற்றுவார். அடுத்த கொமாண்ட் கட்டம் வரை அந்த வாகனத்தின் அடி படும் பகடைக்கு 1 கூடும். லேண்ட் ரெய்டர் போல 16 காயம் தாங்கும் வண்டிக்கு அது நல்ல துணை. ஒரே சுற்றில் வெடித்துப் போகிற இலேசான வண்டிக்கு அவர் வந்து சேரும் முன்பே வேலை முடிந்திருக்கும்.

ஒரு மேசையில் நடந்தது

பண்டாரவளையில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் ஓர்க் ஆர்மி, போய்ஸ் எனப்படும் சாதாரண வீரர்கள் 20 பேர் ஒன்றாக நடு ஒப்ஜெக்டிவை நோக்கி நடக்கிறார்கள், உள்ளே ஃபீல் நோ பெயின் 5 தரும் டொக்டரான ஒரு பெயின்போய். மறுபக்கம் புதிதாக ஆட வந்த தம்பி, தன்னிடம் உள்ள எல்லாத் துப்பாக்கியையும் அந்தக் கூட்டத்தின் மேல் திருப்பினான். சேவ் எல்லாம் உருட்டி முடிந்து 9 காயம் மிஞ்சியது. அவன் 9 பேரை எடுக்கக் கையை நீட்டிவிட்டான். ஓர்க்காரர் 9 பகடையை அள்ளி உருட்டினார்: 5, 2, 6, 1, 5, 3, 3, 4, 6. நான்கு பேர் எழுந்து நின்றார்கள்.

"அண்ணே, இவ்வளவு சுட்டேன், அஞ்சு பேருதானா?"

"டொக்டர் உள்ள இருக்காரு தம்பி. கூட்டத்த சுடுறதுக்கு முன்னாடி அவர எப்படி எடுக்கிறதுன்னு யோசிச்சிருக்கணும்."

"அவர தனியா சுட ஏலாதே?"

"சும்மா ஏலாது. ஒன் லிஸ்ட்ல 'பிரிசிஷன்' போட்ட துவக்கு ஒன்னாவது இருக்கா பாரு."

இல்லை. அடுத்த சுற்றில் மிஞ்சிய 15 பேரும் ஒப்ஜெக்டிவில் ஏறினார்கள், கடைசி வரை இறங்கவில்லை. பெயின்போய் அந்த ஆட்டத்தில் யாரையும் கொன்றதாக எனக்கு நினைவில்லை.

நான்காம் படி: எங்கே நிறுத்துவது

யூனிட்டோடு சேர்ந்த கெரக்டருக்கு அந்த யூனிட்டே கவசம். வீரர்கள் உயிரோடு இருக்கும்வரை காயங்கள் அவர்கள் மேல்தான் விழும். பிரிசிஷன் ஆயுதம் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே யூனிட் சின்னதாகிக்கொண்டே வரும்போது டொக்டரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அவர் இருப்பதே யூனிட்டைக் காப்பாற்றத்தான். ஆனால் எதிராளியிடம் பிரிசிஷன் ஆயுதங்கள் இருந்தால், யூனிட்டை நிறுத்தும்போது டொக்டரைச் சுவருக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாத பக்கமாக வையுங்கள். யூனிட்டில் ஒருவர் ஒப்ஜெக்டிவில் கால் வைத்திருந்தால் போதும், எல்லாரும் உள்ளே நிற்கத் தேவையில்லை என்று நினைக்காதீர்கள். ஒப்ஜெக்டிவுக்குள் நிற்கும் வீரர்களின் மதிப்பு மட்டும்தான் கூட்டப்படும். கொடி உள்ள யூனிட் என்றால் முடிந்தவரை எல்லாரையும் உள்ளே கொண்டுவாருங்கள்.

தனியாக நிற்கும் சிலருக்கு 'லோன் ஒப்பரேட்டிவ்' என்ற திறமை உண்டு. 12 அங்குலத்துக்கு அப்பாலிருந்து அவரைச் சுட முடியாது. இப்படிப்பட்டவரைப் பின்னால் உள்ள ஒப்ஜெக்டிவில் காவலுக்கு வைத்துவிட்டு, பெரிய யூனிட்டை முன்னே அனுப்பலாம். சிலருக்கு அந்தத் திறமை வேறொரு யூனிட்டின் அருகே நிற்கும்போது மட்டும் கிடைக்கும். நிபந்தனையை வாசித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: எத்தனை பேர்

1000 புள்ளி ஆட்டத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். 2000க்கு மூன்று பேர் வரை வைத்துப் பார்க்கலாம். துணைவர்கள் கூடக் கூட, துணை செய்யப்பட வேண்டிய ஆட்கள் குறைந்துவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. 'அசாசினேஷன்' என்ற இரண்டாம் நிலை இலக்கை எதிராளி எடுத்தால், விழும் ஒவ்வொரு கெரக்டரும் அவருக்குப் புள்ளி. பலவீனமான கெரக்டர்களை அடுக்கி வைத்தால், அந்தப் புள்ளியை நீங்களே கையில் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

'என்ஹான்ஸ்மென்ட்' எனப்படும் கூடுதல் சக்திகளை ஆரம்பத்தில் துணைக் கெரக்டருக்குப் போடாதீர்கள். மேலே பார்த்த விலைக் கணக்கு உடனே குழம்பிப் போகும். கணக்கு கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'கொம்பாட் பட்ரோல்' பெட்டி வாங்கி ஆரம்பிப்பவர்களுக்கு இந்தத் தெரிவுப் பிரச்சினையே இல்லை. அந்த ஆட்ட முறையில் பெட்டியில் இருப்பதுதான் ஆர்மி. விதிகளும் அதற்கென்றே தனியாக உண்டு. 44 அங்குலத்துக்கு 30 அங்குலம் இடம் போதும். லயத்து அறையிலும் அந்த அளவுக்கு மேசை போடலாம், பெரிய ஆட்டத்துக்கு வேண்டிய 44க்கு 60 என்றால் கஷ்டம். இதில் ஆடிப் பழகிவிட்டு, பெட்டியோடு வந்த கெரக்டர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொண்டு 1000 புள்ளிக்குப் போவது நல்ல வழி.

ஆறாம் படி: வாங்காமல் செய்துகொள்வது

ஒரு தனிக் கெரக்டர் மினியின் விலை, ஐந்து பத்துப் பேர் வரும் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் தபால் செலவும் வரியும் வேறு. நல்ல சேதி, துணைக் கெரக்டர்தான் வீட்டில் செய்வதற்கு மிக இலகுவானவர்.

ஸ்பேஸ் மரீன்களில் பதவிக்கு ஒரு நிறம் பழைய வழக்கம்: அப்போதிகரி வெள்ளை, டெக்மரீன் சிவப்பு, நூலகர் நீலம், சப்ளின் கறுப்பு. பெட்டியில் மிஞ்சிய ஒரு சாதாரண மரீனை முழு வெள்ளையாகப் பூசி, இடுப்பில் ஒரு பையை ஒட்டினால் எதிரே இருப்பவருக்குச் சொல்லாமலே தெரியும். கொடிக்குக் கம்பு, விளக்குமாற்று ஈர்க்கு. கொடித்துணிக்குத் தேயிலைப் பக்கெட்டுக்கு உள்ளே வரும் வெள்ளித் தாள் அருமையானது: மடித்தால் மடிப்பு நிற்கும், காற்றில் அலைவதுபோல வளைத்துவிடலாம். கம்பில் சுற்றி ஒட்டி, இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தால் தாள் என்றே தெரியாது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் "இவர்தான் என் ஏன்ஷியன்ட், சரியா?" என்று எதிராளியிடம் கேட்டுவிடுங்கள். வீட்டு ஆட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். போட்டிகளுக்குப் போனால் அவர்கள் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அடியில் ஒட்டும் வட்டத்தின் அளவு மட்டும் அசல் அளவிலேயே இருக்கட்டும், தூரம் அளப்பது அதை வைத்துத்தான்.

பெயின்டுக்கு முந்தைய ப்ரைமர் பூச்சு நம் மலைகளில் தனி விஷயம். ஸ்ப்ரே ப்ரைமர் ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை மாவு படிந்ததுபோலச் சொரசொரப்பாகிவிடும், நுணுக்கமெல்லாம் மூடிப் போகும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. ஸ்ப்ரே வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழை ஆண்டின் கடைசியில்தான் வலுக்கும், அதனால் ஜூன், ஜூலை, ஓகஸ்ட் உங்களுக்கு நல்ல மாதங்கள். எந்த ஊராக இருந்தாலும் காலை வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். பின்னேரம் பனி இறங்கிவிடும். காத்திருக்க முடியாதவர்களுக்குத் தூரிகையால் பூசும் ப்ரைமர் உண்டு. வயேகோ நிறுவனத்தின் ப்ரைமரைத் தூரிகையாலேயே பூசலாம். மெல்லிசாக இரண்டு தடவை பூசி, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூசுங்கள். ஒரு கெரக்டர், இரண்டு கெரக்டருக்கு ஸ்ப்ரே டின் வாங்குவதைவிட இது கட்டுப்படியாகும்.

சுப்பர் க்ளூ ஈரத்தில்தான் இறுகும். அதனால் மழை நாளில் அது நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துவிடும். கையையும் ஆயுதத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியாகத் துளி விடுங்கள். அதிகமாக விட்டால் சுற்றிவர வெள்ளைப் புகை படியும்.

ஏழாம் படி: மேசையில் மறக்காமல் இருப்பது

துணைக் கெரக்டரை வைத்துத் தோற்பவர்களில் பலர், அவர் திறமையைப் பயன்படுத்த மறந்தவர்கள். நகர்த்தத் தொடங்கிவிட்டு "ஐயோ, ஆளை எழுப்பவில்லையே" என்பார்கள். கொமாண்ட் கட்டம் அப்போது முடிந்திருக்கும். இதற்கு ஒரு சின்ன வழி. பழைய கலியாணப் பத்திரிகை அட்டையைச் சீட்டு அளவுக்கு வெட்டி, "கொமாண்ட் கட்டம்: டொக்டர், ஓர் ஆள்" என்று பெரிய எழுத்தில் எழுதி, பகடை வைக்கும் தட்டின் மேலேயே போட்டுவிடுங்கள். பகடையை எடுக்க அந்த அட்டையைத் தூக்கியே ஆக வேண்டும். கட்டளை பெற்ற யூனிட்டின் பக்கத்தில் ஒரு நிறப் பாசிமணியை வைத்தால், யாருக்கு எந்தக் கட்டளை என்று இருவருக்கும் தெரியும், வாக்குவாதம் வராது.

ஃபீல் நோ பெயின் பகடைக்குத் தனி நிறம் வைத்துக்கொள்ளுங்கள். சேவ் பகடையோடு கலந்து உருட்டினால் எதிராளிக்குச் சந்தேகம் வரும். உருட்டும் முன் "ஒன்பது காயம், ஐந்துக்கு மேல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வேறு ஆட்டங்களில்

இதே கணக்கு மற்ற ஆட்டங்களிலும் உதவும், ஆனால் மதிப்பு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். இரண்டாம் உலகப் போரை வைத்து வோர்லோர்ட் கேம்ஸ் வெளியிடும் போல்ட் எக்‌ஷனில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு கட்டளைப் பகடை பைக்குள் போகும். பையிலிருந்து யாருடைய நிறம் வருகிறதோ அவர் ஒரு யூனிட்டை இயக்குவார். அங்கே ஒரு மலிவான மருத்துவரோ சின்ன அதிகாரியோ தன் வேலையைச் செய்வதோடு பைக்குள் உங்கள் நிறத்தில் ஒரு பகடையையும் கூட்டுகிறார். முக்கியமான தருணத்தில் உங்கள் நிறம் முதலில் வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் டாங்கி எதிராளியின் டாங்கிக்கு முன் சுட வேண்டிய நேரத்தில் அந்த ஒரு பகடையின் விலை புரியும்.

மினியே இல்லாமல் பழக நினைப்பவர்களுக்கு வன் பேஜ் ரூல்ஸ் இருக்கிறது. அடிப்படை விதிகளையும் ஆர்மிப் பட்டியல்களையும் இலவசமாகவே தருகிறார்கள், எந்த நிறுவனத்தின் மினியையும் வைத்து ஆடலாம். தடித்த தாளில் படம் வரைந்து நிறுத்தியும் ஆடலாம். அங்கே நாயகர்கள் யூனிட்டோடு சேர்ந்து தங்கள் திறமையைக் கொடுப்பார்கள். நீங்கள் ஒரு துணைக் கெரக்டரைக் காசு கொடுத்து வாங்கும் முன், அதற்கு ஈடான ஒருவரைத் தாளில் செய்து இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் அவரோடு, அடுத்ததில் அவர் இல்லாமல், அவருடைய புள்ளிக்கு வீரர்களைப் போட்டு. இரண்டிலும் எதிரே அதே ஆள், அதே ஆர்மி இருக்கட்டும். கொப்பியில் அந்த ஒரு வரியை மறுபடி எழுதுங்கள்: எந்த யூனிட், எந்தச் சுற்றில், எதனால் விழுந்தது. யூனிட் ஒரு சுற்று கூடுதலாக நின்றிருந்தால் வாங்குங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் காசைப் பெயின்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.